பொது வயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். தெருவுக்குப் பெயரே சொல்லப்போவதில்லை. என் பெயரும் கலியமூர்த்தி இல்லை. ஆனால் நான் இன்வெர்ட்டர் மெக்கானிக் என்பதும், எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடுகள் என்பதும் மாற்றாத சங்கதிகள். என்னைத் தவிர மற்ற இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும், தன்னைத் தவிர மற்ற எல்லோரும் யோக்கியர்கள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பை நான் கெடுக்க விரும்பவில்லை.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. புயல் எங்களுக்கு வருடாந்திர விருந்தாளி. வருவார், கூரையைப் பிரிப்பார், மின்கம்பங்களைப் படுக்க வைப்பார், போய்விடுவார். அவர் போன பிறகு கரண்டு வர இருபது நாளும் ஆகும், முப்பது நாளும் ஆகும். வீட்டுக்கு வீடு சோலார் பலகையும் பேட்டரியும் வந்த பிறகும் இந்தத் தொல்லை முழுசாகத் தீரவில்லை. ஒரு வீட்டில் பலகை பறந்துபோய் மெழுகுவத்தி எரியும். பக்கத்து வீட்டில் பேட்டரி நிறைந்து, செலவழிக்க வழியில்லாமல் சும்மா கிடக்கும்.

2041-ஆம் வருடம் பூங்கோதை எங்கள் ஊருக்கு வந்தது இதற்காகத்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். படித்தது பூச்சியியல். ஆறு வருடம் மாந்தோப்புகளில் மரத்துக்கு மரம் ஏணி போட்டு ஏறி, முசுறு எறும்புகளிடம் கடி வாங்கிக்கொண்டு, அவை என்ன செய்கின்றன என்று குறித்துவைத்த பெண். முசுறு கடித்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போடுவார்கள். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டபடியே, அந்த எறும்புக் கதையை எனக்குச் சொன்னது.

"எறும்புக்கு ரெண்டு வயிறுண்ணே. ஒண்ணு தனக்கு. இன்னொண்ணு பொது வயிறு. வெளிய போன எறும்பு அந்தப் பொது வயித்துல தேனை நெரப்பிக்கிட்டு வரும். எதிர்ல வர்ற எறும்புக்கு வாயோட வாய் வச்சு ஊட்டிவிடும். அது அடுத்ததுக்கு ஊட்டும். இப்படியே கூட்டோட கடைசி மூலை வரைக்கும் போய்ச் சேந்துரும். ராணி உத்தரவு போடறதில்ல. மேஸ்திரியும் கெடையாது."

யாருக்கு எவ்வளவு என்று எது முடிவு பண்ணுகிறது என்று கேட்டேன். மெக்கானிக் புத்தி அப்படித்தான் போகும்.

"அதுதாண்ணே விசேஷமே. குடுக்கற எறும்புகிட்ட எவ்வளவு இருக்குங்கறது கணக்கு இல்ல. வாங்கற எறும்போட வயித்துல எவ்வளவு எடம் காலியா இருக்கோ, அதுல ஒரு பங்கு. பசிதான் அளவு."

இதை வைத்து அது ஒரு பெட்டி செய்திருந்தது. பெட்டியை வீட்டு பேட்டரியோடு சேர்த்துச் சுவரில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் இடது வீட்டோடும் வலது வீட்டோடும் மட்டும் பேசும். பக்கத்து வீட்டு பேட்டரி காலியாக இருந்தால் அந்தக் காலியிடத்துக்குத் தக்கபடி மின்சாரம் தானாகப் போகும். அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். ஊர்க் கரண்டு போனால்தான் பெட்டி வேலை செய்யும். தலைமை அலுவலகம் இல்லை, விண்ணப்பம் இல்லை. மின்சாரம் வந்துகொண்டிருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும், காலியானால் சிவப்பு. சோதனை பார்க்க எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவில் அதற்கு எறும்புப் பெட்டி என்று பெயர் விழுந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டோம். தெரு நலச் சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், முதல் பெட்டிக்கு மாலை போட்டு நாற்பது நிமிடம் பேசினார். மனிதன் எறும்பிடம் பாடம் படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு அதே போஸ்ட்மாஸ்டர் என் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து நின்றார்.

"கலியா, குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. ஆனா எறும்புக்கு ரெண்டு வயிறு. நமக்கு ஒண்ணுதானப்பா. வர்றது வரட்டும், போறது மட்டும் நம்ம கையில இருக்கற மாதிரி ஏதாவது பண்ணேன். யாருக்கும் தெரிய வேணாம்."

பண்ணினேன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான். பெட்டிக்குப் பின்னால் கம்பியில் மாட்டிவிட்டால் வெளியே தெரியாது. சின்னதாக ஒரு நெம்புகோல் இருக்கும். கீழே தள்ளினால் மின்சாரம் உள்ளே வரும், வெளியே போகாது. மேலே தூக்கினால் பெட்டி பழையபடி வேலை செய்யும். நான் அதற்குப் பூட்டு என்று பெயர் வைத்தேன்.

போஸ்ட்மாஸ்டருக்குப் பிறகு அவர் எதிர்வீடு வந்தது. பிறகு மூலைவீட்டு மளிகைக்காரர். பிறகு பக்கத்து வீட்டு பர்வீன். அந்தப் பெண்ணின் கணவர் சிங்கப்பூரில், வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஆசிம், அவனுக்கு அடிக்கடி இளைப்பு வரும், மருந்துப் புகை வைக்கும் மிஷின் ஓடினால்தான் அடங்கும். பிள்ளைக்கு வேண்டும் என்று பர்வீன் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு மாதத்தில் இருபத்திரண்டு வீட்டிலும் பூட்டு மாட்டி முடித்தேன். எல்லோரும் கொல்லைப்புறமாகத்தான் வந்தார்கள், எல்லோரும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நானும் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை. தொழிலில் அந்த நேர்மை எனக்கு உண்டு. எந்தத் தொழிலில் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இருபத்து மூன்றாவது பூட்டு என் வீட்டில். காரணம் என் அக்கா.

அக்கா அஞ்சம்மாள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா போன பிறகு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவள். இருபத்தாறு வருடம் உமித் தூசியில் நின்றதில் நுரையீரல் போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக ஓட வேண்டும். கொஞ்ச நேரம் நின்றால் மூச்சு வாங்கும். அதிக நேரம் நின்றால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். பெட்டி அவள் கட்டிலுக்கு எதிரே சுவரில் இருந்தது. பூட்டை மாட்டும்போது என்னடா அது என்றாள். பியூஸ் என்று சொன்னேன். ஓ என்றாள்.

ஆக, எங்கள் தெருவில் நிலவரம் இதுதான். ஆபத்து வந்தால் மற்ற இருபத்திரண்டு வீடும் கொடுக்கும் என்று ஒவ்வொரு வீடும் நிம்மதியாகத் தூங்கியது. கொடுக்க ஒரு வீடுகூட இல்லை என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அப்போது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

2043 கார்த்திகையில் வந்த புயலுக்குக் கேசரி என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் வாயில் அதைத்தான் போட வேண்டும். திங்கட்கிழமை விடிகாலை கரையேறி மத்தியானம் வரை ஆடியது. ஆடி முடித்தபோது தெரு நடுவே பெரிய பூவரசு விழுந்து கிடந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சாலையை அறுத்துவிட்டது. போன் இல்லை, கரண்டு இல்லை. என் வீட்டு மாடியில் இருந்த சோலார் பலகை எந்த ஊர் வயலில் விழுந்ததோ, இன்றுவரை தகவல் இல்லை.

அன்று ராத்திரி பேட்டரியில் ஓட்டினோம். வைத்திருந்த ஒரே ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் செவ்வாய்க்கிழமை காலைக்குள் தீர்ந்துவிட்டது. மத்தியானம் பேட்டரி பதினெட்டு சதவீதத்தில் நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிலிண்டர் இருக்கும் என்று இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். போகும்போது அக்கா, பாத்துப் போடா, பாம்பு வரும் என்றாள். அங்கே போனால் சுகாதார நிலையத்துக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். இருந்த சிலிண்டர்கள் இரண்டு பிரசவத்துக்குப் போய்விட்டன என்று நர்ஸ் அழாத குறையாகச் சொன்னார். படகு வந்தால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் என்றார். படகு எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினேன். பேட்டரி நான் நினைத்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. பழைய பேட்டரி, ஏமாற்றுகிறது என்று அதைத் திட்டினேன். அந்த ராத்திரி மிஷினை மிகக் குறைந்த அளவில் வைத்தே ஓட்டினோம்.

புதன்கிழமை காலை ஐந்து சதவீதம். அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். பேச்சுக்குச் செலவாகும் மூச்சை மிச்சம் பிடிக்கிறாள் என்று புரிந்தது. உதட்டோரம் நீலம் தெரிந்தது.

முதலில் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வீட்டுப் பலகை கெட்டியாக நின்றது, மேகத்துக்கு நடுவே வந்துபோன வெயிலில் பேட்டரி பாதிக்கு மேல் ஏறியிருந்தது. உங்கள் பூட்டைத் திறங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. நல்ல மனிதர்தான், அதுதான் பிரச்சினையே. என் ஒரு வீடு திறந்து என்ன ஆகப்போகிறது கலியா, உனக்கும் எனக்கும் நடுவில் ஏழு வீடு இருக்கிறதே, அவர்களெல்லாம் கொடுப்பார்கள், எறும்புக் கணக்குப்படி வந்து சேர்ந்துவிடும், கொஞ்சம் பொறு என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. நடுவில் இருக்கும் ஏழு வீட்டில் ஒரு பூட்டு மூடியிருந்தாலும் அவர் திறந்து எனக்குப் பிரயோசனம் இல்லை. ஏழும் மூடியிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் அந்த ஏழு பேரிடமும் கொடுத்த வாக்கு தடுத்தது.

வீட்டுக்கு வீடு போய்க் கேட்டாலும் எல்லா வீட்டிலும் இதே பதில்தான் வரும். ஒவ்வொருவரும் மற்றவர்களை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை அத்தனையையும் கட்டைவிரல் அளவுச் சாமானால் பூட்டியவன் நான்தான். திரும்பி வரும் வழியில் எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து என் பூட்டைக் கழற்றினேன். நெம்புகோலைத் தூக்கிவிட்டிருந்தால் போதும், ஆனால் எனக்கு அது போதவில்லை. கம்பியிலிருந்தே பிடுங்கினேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். ஊரே பூவரசைச் சுற்றி நின்று வெட்டிக்கொண்டிருந்தது. வாசலில் பெண்கள் நின்றார்கள். அரிவாள் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தேன்.

"எங்க வீட்டுப் பெட்டியில பூட்டு போட்டிருந்தேன். வர்றது வரும், போறது போகாது. நானே செஞ்சு நானே மாட்டினேன். இப்பக் கழட்டிப்புட்டேன். செஞ்சது தப்பு. எங்கிட்ட அஞ்சு பர்சன்ட் இருக்கு. பக்கத்துல யாருக்குப் பசிச்சாலும் பெட்டி அதையும் குடுத்துரும். குடுக்கட்டும். அக்காவுக்கு மூச்சு மிஷின் ஓடணும். அவ்வளவுதான்."

கையை விரித்துக் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். அது என்ன சாமான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், ஆளுக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதலில் நகர்ந்தது பர்வீன். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அடுத்தது மளிகைக்காரர், அரிவாளைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார். கதவு. பிறகு எதிர்வீடு. கதவு. கடைசியாகப் போஸ்ட்மாஸ்டர் வேட்டியைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், வேகமாக நடந்தார். கதவு. பட்டப்பகலில் இருபத்திரண்டு கதவையும் என் முகத்துக்கு எதிரே சாத்தினார்கள். தெருவில் நானும் பாதி வெட்டிய மரமும்தான் மிச்சம்.

நியாயம்தான் என்று நினைத்தேன். வீடு திரும்பி அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பேட்டரி மூன்றுக்கு வந்திருந்தது. மிஷின் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் கீச்சிட ஆரம்பித்தது. பெட்டியில் சிவப்பு. அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா, சாமியைத் திட்டினேனா என்று நினைவில்லை. இரண்டும் செய்திருப்பேன்.

சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

என் கண்ணை நான் நம்பவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். பர்வீன் வீட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது. கொஞ்சமாகத்தான் வந்தது. பிறகு வலது பக்கமிருந்தும் வந்தது. மூன்று நான்காயிற்று. அந்த நான்கு ரொம்ப நேரம் நின்றது. பிறகு ஐந்து, எட்டு, பதினொன்று. மிஷின் கீச்சிடுவதை நிறுத்திவிட்டு ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் முப்பதைத் தாண்டியது. போஸ்ட்மாஸ்டர் வீட்டு வெயில் ஏழு வீடு தாண்டி என் அக்காவின் மூக்குக்கு வந்துகொண்டிருந்தது.

கதவை ஏன் சாத்தினார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூட்டைத் திறப்பதை அடுத்தவர் பார்க்கக் கூடாதே, அதற்காக. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் அப்படி அழுதால் பார்க்க நன்றாக இருக்காது. பார்க்க அக்கா ஒருத்திதான் இருந்தாள், அவளும் கண்ணை மூடியிருந்தாள்.

கரண்டு வரப் பதினேழு நாள் ஆயிற்று. பதினேழு நாளும் அந்தத் தெரு என் அக்காவுக்கு மூச்சு கொடுத்தது. இதைச் சும்மா சொல்லவில்லை. மத்தியானப் புழுக்கத்தில்கூட வீடுகளில் மின்விசிறியை நிறுத்திவைத்தார்கள். மளிகைக்காரர் மனைவி மிக்ஸி போடாமல் அம்மியை எடுத்துக் கழுவியது, பத்து வருடத் தூசு. போஸ்ட்மாஸ்டர் தினமும் காலையில் வந்து வாசலில் நின்று மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவார். கதை அதோடு நிற்கவில்லை. மிஷினுக்கு மிஞ்சிய மின்சாரம் எங்கள் வீட்டையும் தாண்டிப் போயிற்று. கடைசி வீட்டில் ஒருவருடைய இன்சுலின் அந்தப் பதினேழு நாளும் கெடாமல் இருந்தது அப்படித்தான். அவர்கள் வீட்டுப் பலகையும் புயலோடு போயிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. காலையில் வாசலைத் திறந்தால் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் கிடக்கும். உள்ளே பூட்டு. பெயரில்லை, சீட்டு இல்லை. ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் மூன்று. இருபத்திரண்டும் வந்து சேர்ந்தன. பாவம், யாருடையது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். மாட்டும்போதே அடியில் வீட்டு நம்பரைக் கீறி வைத்திருந்தேன்.

சாலை திறந்ததும் முதல் ஜீப்பில் பூங்கோதை வந்தது. வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளிலிருந்த பதிவுகளை எடுத்துக்கொண்டு, என் கடையில் கம்ப்யூட்டரை விரித்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கண் கலங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இருபத்து மூன்று வீடும் ஒன்றுக்கொன்று ஊட்ட ஆரம்பித்துவிட்டன, முசுறு கூட்டில் பார்த்த அதே வளைகோடு, ஆறு வருடம் கடி வாங்கியது வீண் போகவில்லை என்றது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேன். உன் எறும்புகளுக்கும் சொல்லிவிடு என்றேன்.

பிறகு அது ஒரு இடத்தில் விரலை வைத்தது.

"ஒண்ணுதாண்ணே புரியல. ரெண்டு வருஷமா இந்தத் தெருவுல ஒரு துளிகூட கைமாறல. தேவைப்படலன்னு நெனச்சேன். புதன்கிழமை காலையிலதான் எல்லாம் ஆரம்பிக்குது. ஆனா அதுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை ரெண்டே கால் மணிக்கு, ஒரே ஒரு வீடு குடுத்திருக்கு. இருபது நிமிஷம். அப்புறம் நின்னுபோச்சு. தெருவுல முதல் தடவை குடுத்த வீடு அதுதான்."

எந்த வீடு என்று கேட்டேன்.

"உங்க வீடுண்ணே. பர்வீன் வீட்டுக்கு."

செவ்வாய்க்கிழமை இரண்டே காலுக்கு நான் சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகவே என் தோள் வேண்டும் அவளுக்கு. பூங்கோதையிடம், இரு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"செவுத்துக்கு அந்தாண்ட புள்ள இளைச்சுக்கிட்டே இருந்துச்சுடா. அந்தப் பொண்ணு அல்லான்னு அழுவுது. புகை வைக்கிற மிஷினு ஓடல போல. சரின்னு என் மிஷின நிறுத்திட்டு, செவுத்தப் புடிச்சுக்கிட்டுப் போயி, ஒம் பியூஸத் தூக்கிவுட்டேன். புள்ள இருமல் நின்னோன்ன தள்ளிவுட்டுட்டு வந்து படுத்துட்டேன்."

அவள் பியூஸ் என்ற சொல்லை அழுத்திச் சொன்னாள். அப்போதுதான் உறைத்தது. கொல்லைப்புறம் வந்து கிசுகிசுத்த இருபத்திரண்டு பேரின் பேச்சும் அந்தக் கட்டிலுக்குக் கேட்கும். இரண்டு வருடமாக எல்லாம் தெரிந்துகொண்டு படுத்திருந்திருக்கிறாள். நான் குரலை உயர்த்திவிட்டேன். இருபது நிமிடம் மிஷின் இல்லாமல், எட்டு அடி நடந்து போய்த் திரும்பி, உனக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன் என்று கத்தினேன்.

"மூச்சுக்குத் தவிக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. அந்தப் புள்ளக்கி அது புதுசுடா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பர்வீன் ஏன் முதலில் போய்க் கதவைச் சாத்தியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் அதன் வீட்டில் பச்சை எரிந்திருக்கிறது. பிள்ளைக்கு யாரோ கொடுத்தார்கள், தான் மட்டும் பூட்டி வைத்திருக்கிறோம் என்று அந்தப் பெண் ராத்திரியெல்லாம் குமைந்திருக்கும். நான் தெருவில் நின்று பேசிய பேச்சு பெரிய பேச்சு என்று பதினேழு நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன எறும்பு என் வீட்டிலேயே கட்டிலில் கிடந்தது. என்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பியதற்கே நான் இன்னும் அவளுக்கு முறையாக நன்றி சொல்லவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். கீரையில் மண் இருக்கு, கைய எடு என்றாள்.

இதைப் பர்வீனிடம் இப்போதே சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லிப்புடாதடா. தெரிஞ்சா எனக்குத் திருப்பிக் குடுத்ததா நெனச்சுக்கும். அது தானாக் குடுத்துச்சு. எல்லாரும் தானாத்தான் குடுத்தாங்க. அப்படியே இருக்கட்டும்."

கடைக்குத் திரும்பினேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை, பெட்டியில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று பூங்கோதையிடம் சொன்னேன். அது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. ஆறு வருடம் எறும்பையே கண் கொட்டாமல் பார்த்த பெண், மனுஷன் பொய் சொன்னால் தெரியாதா. ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டது.

அடுத்த ஆடியில் பூங்கோதையின் அறிக்கை அச்சாகி வந்தது. எங்கள் தெருவைப் பற்றிப் பதினோரு பக்கம். வரைபடங்களைத் தள்ளிவிட்டு, புரிகிற இடங்களை மட்டும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். செவ்வாய்க்கிழமைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. "முதல் பகிர்வு ஒரு வீட்டிலிருந்து இருபது நிமிடம் நிகழ்ந்தது, காரணம் தெரியவில்லை."

அக்கா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "நல்லா எழுதியிருக்கு அந்தப் பொண்ணு" என்றாள்.